மகப்பேறு ரிப்போர்ட்டில் வரும் சொற்களைப் பிரித்துப் படிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: கர்ப்பம், குழந்தையின்மை, மாதவிடாய்க் கோளாறு என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் கையில் தரும் ரிப்போர்ட்டில் வாயில் நுழையாத சொற்கள் நிறைய வருகின்றன. அவற்றுக்கு என்ன பொருள், எப்படி உச்சரிப்பது, சுருக்கங்களை எப்படிப் படிப்பது, பாடநூல் ஒரு தமிழ்ச் சொல்லும் டாக்டர் இன்னொரு தமிழ்ச் சொல்லும் சொல்வது ஏன்? நர்சிங் மாணவர்களுக்கு இந்தப் பாடத்தைத் தமிழில் விளக்கிச் சொல்லிவருபவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். உச்சரிப்பு பிசகினால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. பொருள் பிசகினால் எந்த உறுப்பை எடுக்கப்போகிறார்கள் என்று தெரியாமலேயே கையெழுத்துப் போட நேரிடும்.

இந்தச் சொற்கள் பெரும்பாலும் கிரேக்க, லத்தீன் துண்டுகளை ஒட்டிச் செய்தவை. சொல் எவ்வளவு நீளமாக இருக்கிறதோ, பிரிப்பது அவ்வளவு சுலபம். ஒரு பெரிய சொல்லையே எடுத்துக்கொள்வோம்: ஹிஸ்டெரோசால்பிங்கோகிராம். குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்களுக்குச் செய்கிற எக்ஸ்ரே பரிசோதனை இது, எச்.எஸ்.ஜி. என்று சுருக்கிச் சொல்வார்கள். ‘ஹிஸ்டெரா’ என்றால் கிரேக்கத்தில் கருப்பை. ‘சால்பிங்க்ஸ்’ என்றால் ஊதுகுழல், கருக்குழாயைக் குறிக்கும். ‘கிராம்’ என்றால் பதிவு, படம். ஆக, கருப்பையையும் கருக்குழாயையும் காட்டும் படம். இனி ‘ஹைட்ரோசால்பிங்க்ஸ்’ என்று ரிப்போர்ட்டில் வந்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஹைட்ரோ என்றால் நீர். கருக்குழாயில் நீர் தேங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கருக்குழாய்க்கு ‘ஃபெலோப்பியன் டியூப்’ என்ற பெயரும் உண்டு. அது 1561-இல் அதை விவரித்து எழுதிய இத்தாலிய உடற்கூறு அறிஞர் கேப்ரியேலே ஃபலோப்பியோவின் பெயரால் வந்தது. அந்தக் குழாயின் விரிந்த முனையைப் பார்த்து ஊதுகுழலோடு ஒப்பிட்டவரும் அவர்தான்.

கருப்பைக்கு மட்டும் மூன்று வேர்ச் சொற்கள் இருப்பதுதான் முதல் குழப்பம். லத்தீனில் யூட்டரஸ். கிரேக்கத்தில் ஹிஸ்டெரா என்றும் மெட்ரா என்றும் இரண்டு. உறுப்பைச் சொல்லும்போது யூட்டரஸ் என்பார்கள். அறுவை சிகிச்சையைச் சொல்லும்போது ஹிஸ்டெரா வரும். கருப்பையின் சுவரைச் சொல்லும்போது மெட்ரா வரும். எண்டோமீட்ரியம் என்றால் உட்புறச் சவ்வு, மயோமீட்ரியம் என்றால் நடுவிலுள்ள தசைச் சுவர். ‘எண்டோ’ என்றால் உள்ளே, ‘மயோ’ என்றால் தசை. மாதாமாதம் உதிர்ந்து இரத்தத்தோடு வெளியேறுவது இந்த எண்டோமீட்ரியத்தின் மேல் அடுக்குதான். இதே மாதிரியான திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலோ (ஓவரி) குடலை ஒட்டியோ வளர்ந்தால் அது எண்டோமீட்ரியோசிஸ். நம் ஊடகங்களில் எண்டோமெட்ரியம் என்று குறிலாகவே எழுதுகிறார்கள். ‘மீ’ என்று நெடிலாக, அழுத்திச் சொல்வதே சரி.

அடுத்து வால் துண்டுகள். இவற்றில்தான் நான் மாணவர்களிடம் கறாராக இருப்பேன். ‘எக்டமி’ என்று முடிந்தால் அந்த உறுப்பை வெட்டி எடுத்துவிடுவது. ‘ஆட்டமி’ என்று முடிந்தால் வெட்டித் திறப்பது மட்டும். ‘ஆஸ்கப்பி’ என்றால் கருவியை உள்ளே விட்டுப் பார்ப்பது. ‘ஐட்டிஸ்’ என்றால் அழற்சி. ‘ஓமா’ என்றால் கட்டி. இப்போது பாருங்கள்: ஹிஸ்டெரெக்டமி என்றால் கருப்பையை நீக்குவது, ஹிஸ்டெராட்டமி என்றால் கருப்பையை வெட்டித் திறப்பது. காதில் விழும்போது இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். இன்னொன்று மயோமெக்டமி. கருப்பையில் வளர்ந்த நார்த்திசுக் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, கருப்பையை அப்படியே விட்டுவைப்பது இது. அந்தக் கட்டியை ஃபைப்ராய்ட் என்பார்கள். திசுப் பரிசோதனை ரிப்போர்ட்டில் லயோமயோமா என்று வரும். ‘லயோ’ என்றால் வழவழப்பானது. மென்தசையில் வந்த கட்டி என்று பொருள். ஓமா என்று முடிந்தாலே புற்றுநோய் என்று பயந்துவிடுகிறார்கள். லயோமயோமா புற்றுநோய் அல்ல.

ஹிஸ்டெரெக்டமி விஷயத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ‘கர்ப்பப்பையை எடுத்தாச்சு’ என்று வீட்டில் சொல்வோம். எதை எதை எடுத்தார்கள் என்பது அந்தச் சொல்லில் இல்லை. ‘டோட்டல் ஹிஸ்டெரெக்டமி’ என்றால் கருப்பையும் அதன் கழுத்தும். இங்கே டோட்டல் என்பதைக் கேட்டு ‘எல்லாவற்றையும் எடுக்கிறார்கள்’ என்று பலர் நினைக்கிறார்கள். சினைப்பைகள் அதில் சேராது. கருக்குழாயோடு அவற்றையும் எடுப்பதாக இருந்தால் ‘சால்பிங்கோ-ஊஃபொரெக்டமி’ என்று தனியாக எழுதியிருப்பார்கள். ‘பைலேட்டரல்’ என்று முன்னால் இருந்தால் இரு பக்கமும். மாதவிடாய் இயல்பாக நிற்பதற்கு முன்பே இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், உடம்பு ஒரே நாளில் மாதவிடாய் நின்ற நிலைக்குப் போய்விடும். உடம்பில் திடீர் வெப்பம், தூக்கமின்மை, எலும்பு தேய்வது எல்லாம் அதன் பின்விளைவுகளாக வரலாம். அதனால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘சினைப்பையை வைக்கிறீர்களா, எடுக்கிறீர்களா?’ அதை எடுக்க நியாயமான காரணம் இருக்கலாம். அந்தக் காரணத்தைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

சினைப்பை என்றதும் அடுத்த குழப்பம் வருகிறது. ஓவரிக்குத் தமிழில் சினைப்பை, சூலகம், சினையகம், அண்டகம், கருமுட்டைப்பை என்று பல பெயர்கள். சூலகம் என்பது தாவரவியலில் பூவின் பாகத்துக்கும் வரும். ஆஸ்பத்திரியில் அதிகம் புழங்குவது சினைப்பைதான். நானும் அதையே பரிந்துரைக்கிறேன். ‘கர்ப்பப்பையில் நீர்க்கட்டி’ என்று நாம் சொல்கிற பி.சி.ஓ.எஸ்.ஸுக்கும் கர்ப்பப்பைக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. பாலிசிஸ்டிக் ஓவரி என்பதிலேயே ஓவரி இருக்கிறது. அந்த ‘கட்டி’யும் உண்மையில் கட்டி அல்ல. ஒவ்வொரு மாதமும் முட்டையைத் தாங்கி வளர்கிற சின்னஞ்சிறு நீர்ப் பைகளுக்கு ஃபாலிக்கிள் என்று பெயர். இயல்பான சுழற்சியில் அவற்றில் ஒன்று முந்தி வளர்ந்து, ஏறக்குறைய 18 முதல் 24 மில்லிமீட்டர் வரை பெரிதாகி வெடித்து முட்டையை வெளியிடும். பி.சி.ஓ.எஸ்.ஸில் பல ஃபாலிக்கிள்கள் பாதி வளர்ச்சியில் நின்றுவிடுகின்றன. ஸ்கேனில் மணிமணியாகத் தெரிவது அவைதான். அறுவை செய்து எடுக்க வேண்டிய பொருள் அங்கே ஒன்றும் இல்லை. 2003-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் நிபுணர்கள் கூடி வகுத்த வரையறையின்படி, முட்டை வெளிப்படுவதில் ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் இந்தத் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் பி.சி.ஓ.எஸ். அப்படியென்றால் நீர்க்கட்டியே தெரியாத ஒருவருக்கும் இது இருக்கலாம்; ஸ்கேனில் தெரிந்தவர் எல்லாருக்கும் இது இருக்க வேண்டும் என்றும் இல்லை. ‘நீர்க்கட்டி’ என்ற மொழிபெயர்ப்பு இவ்வளவையும் மறைத்துவிடுகிறது என்பது என் ஆதங்கம்.

‘கருமுட்டை’ இன்னும் சிக்கலானது. பேச்சிலும் செய்தித்தாளிலும் கருமுட்டை என்றால் பெண்ணின் முட்டை, அதாவது ஓவம். கருமுட்டை தானம், கருமுட்டை வளர்ச்சி என்றெல்லாம் படிக்கிறோம். ஆனால் சில பாடநூல்களில் கருமுட்டை என்றால் விந்தணுவோடு சேர்ந்துவிட்ட முட்டை, அதாவது ஸைகோட். ஒன்று கருவாவதற்கு முன், மற்றது ஆன பின். மாணவர்கள் மதிப்பெண் இழப்பது இங்கேதான். எழுதும்போது ஓவத்துக்குச் சினைமுட்டை என்றும், ஸைகோட்டுக்குக் கருவுற்ற முட்டை என்றும் எழுதினால் சண்டையே இல்லை. ஸைகோட் என்பது நுகத்தடி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டைச் சேர்த்துப் பூட்டியது என்று கருத்து.

ஸைகோட் பிரிந்து பிரிந்து, மூன்று நான்கு நாளில் செல்களின் சிறு உருண்டையாகிறது. அதற்கு மொருலா என்று பெயர். லத்தீனில் மல்பெரிப் பழம். ஐந்தாம் நாள் வாக்கில் உள்ளே நீர் சேர்ந்து பிளாஸ்டோசிஸ்ட் ஆகிறது. இங்கே வரும் ‘சிஸ்ட்’ நோயல்ல; சிஸ்ட் என்றாலே பை என்றுதான் பொருள். செயற்கைக் கருத்தரிப்பில் ‘ஐந்தாம் நாள் கரு’ என்று சொல்வது இந்த பிளாஸ்டோசிஸ்டைத்தான். பிறகு அது கருப்பைச் சுவரில் பதிகிறது. அதிலிருந்து உறுப்புகள் உருவாகும் காலம் முழுக்க எம்ப்ரியோ. கருவுற்று எட்டு வாரம் முடிந்ததும் ஃபீட்டஸ். தமிழில் எம்ப்ரியோவுக்கு இளங்கரு அல்லது கரு என்றும், ஃபீட்டஸுக்கு வளர்கரு, முதிர்கரு, சிசு என்றும் சொல்கிறோம். இலங்கைப் பாடநூல்களில் முளையம், முதிர்மூலவுரு என்ற சொற்கள் வரும். அங்கே படித்தவரும் இங்கே படித்தவரும் பேசிக்கொள்ளும்போது இதை நினைவில் வைப்பது நல்லது.

இதில் வாரக் கணக்கு பலரை அலைக்கழிக்கிறது. ‘கரு உருவாகி ஆறு வாரம்தான் ஆச்சு, ரிப்போர்ட்டில் எட்டு வாரம் என்று போட்டிருக்கிறதே’ என்று கேட்பார்கள். ஜெஸ்டேஷனல் ஏஜ் என்பது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவது. முட்டை வெளிப்பட்ட நாள் பெரும்பாலும் சரியாகத் தெரியாது, மாதவிடாய் நாள் தெரியும், அதனால் இந்த ஏற்பாடு. 28 நாள் சுழற்சியில் உண்மையான கருவின் வயதைவிட இது இரண்டு வாரம் கூடுதலாக இருக்கும். பிரசவத் தேதியும் அந்த நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம். 37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்தால் குறைப்பிரசவம்.

ஆண்கள் பக்கமும் ஒரு முக்கியமான குழப்பம் இருக்கிறது. விந்து வேறு, விந்தணு வேறு. சீமென் என்பது திரவம். ஸ்பெர்ம் என்பது அதில் நீந்துகிற செல். திரவத்தின் பெரும்பகுதி விந்துப்பையிலிருந்தும் ப்ராஸ்டேட் சுரப்பியிலிருந்தும் வருகிறது. விந்தகத்திலிருந்து வரும் விந்தணுக்களின் பங்கு அளவில் மிகச் சிறியது. இது புரிந்தால் இரண்டு விஷயங்கள் தெளிவாகும். ஒன்று, வாசெக்டமி என்ற ஆண்களுக்கான கருத்தடை அறுவை செய்துகொண்டவருக்கு விந்து வெளியேறுவதில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் இருக்காது. அதில் விந்தணு மட்டும் இருக்காது. அதுவும் உடனே அல்ல, சுமார் மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்து உறுதிசெய்ய வேண்டும். இரண்டு, விந்து நன்றாக வெளியேறுகிறது என்பதால் ‘எனக்குக் குறை இருக்க முடியாது’ என்று ஓர் ஆண் முடிவு கட்ட முடியாது. இந்த ஒரு தவறான நம்பிக்கையால் மனைவி மட்டும் வருடக்கணக்கில் ஊசியும் மாத்திரையுமாக அலைவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இருவருக்கும் ஒரே நேரத்தில் பரிசோதனை தொடங்க வேண்டும்.

விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டில் வரும் சொற்களும் ஒட்டுத் துண்டுகள்தான். அஸூஸ்பெர்மியா என்றால் விந்தணுவே இல்லை. முன்னால் நிற்கும் அகரம், தமிழில் ‘அநீதி’யில் வரும் அகரத்தைப் போலவே இன்மையைச் சொல்கிறது. ஆலிகோஸ்பெர்மியா என்றால் எண்ணிக்கை குறைவு. அஸ்தெனோஸ்பெர்மியா என்றால் நீந்தும் வேகம் குறைவு. டெரட்டோஸ்பெர்மியா என்றால் வடிவக் கோளாறு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டில் மில்லிலிட்டருக்கு 1.6 கோடி என்பது கீழ் எல்லை. ஓராண்டுக்குள் குழந்தை உண்டான தம்பதிகளின் ஆண்களிலேயே நூற்றுக்கு ஐந்து பேர் இதற்குக் கீழேதான் இருந்தார்கள். ஆகவே எண் கொஞ்சம் குறைந்தால் கதை முடிந்தது என்று அர்த்தமில்லை.

சரி, உச்சரிப்புக்கு வருவோம். தமிழ் எழுத்தில் இவற்றை எழுதினால் ஒரு தடை உண்டு. ‘ப’ ஒன்றுதான், அது வல்லோசையா மெல்லோசையா என்று எழுத்து காட்டாது. ‘பெல்விஸ்’ என்பதை முதல்முறை படிப்பவர் ‘பெண்’ என்பதில் வரும் பகரமாக ஒலிக்க வேண்டும் என்பது காதால் கேட்டால்தான் தெரியும். ஆகவே ஒருமுறையாவது யாராவது சொல்லக் கேட்டுக்கொள்ளுங்கள். ரோமன் எழுத்தில் இருக்கும் சொல்லைப் படிப்பவருக்கு உதவும் விதிகள் சில உண்டு. ஆங்கில அரிச்சுவடியின் மூன்றாவது எழுத்தான ‘சி’க்குப் பின்னால் எகர, இகர ஒலிகளுக்கான எழுத்து வந்தால் சகரமாக ஒலிக்கும்: செர்விக்ஸ், பிளாசெண்டா. அகர, ஒகர, உகரத்துக்கு முன் ககரம்: கார்பஸ் லூட்டியம் (முட்டை வெளியேறிய பின் சினைப்பையில் எஞ்சும் மஞ்சள் திசு). ஆனால் அதோடு ‘எச்’ சேர்ந்து வந்தால், கிரேக்க வழிச் சொற்களில் அது ககரம். கருவைச் சுற்றிய வெளிச்சவ்வு கோரியான், சோரியான் அல்ல. முதல் மாதவிடாய் மெனார்க்கி, மெனார்ச் அல்ல. பிரசவத்துக்குப் பின் வரும் கசிவு லோக்கியா. கர்ப்பப் பரிசோதனை அட்டையில் கண்டுபிடிப்பது ஹியூமன் கோரியானிக் கொனடோட்ரோபின் என்ற ஹார்மோனைத்தான். கோரியானிலிருந்து வருவதால் அந்தப் பெயர். ‘பி’யும் ‘எஸ்’ஸும் சேர்ந்து தொடங்கினால் பகரம் மௌனம்: பொய்க் கர்ப்பத்துக்கு சூடோசயீசிஸ். ஃபீட்டஸில் சிலர் கூடுதலாக ஓர் ‘ஓ’ போட்டு எழுதுவார்கள், ஒலி மாறாது.

அழுத்தம் எங்கே விழுகிறது என்பது இன்னும் சுலபம். மேலே சொன்ன வால் துண்டுகளின் முதல் உயிரொலியில் அழுத்துங்கள். ஹிஸ்டெ-ரெக்-டமியில் ‘ரெக்’. எபிசி-ஆட்-டமியில் ‘ஆட்’, பிரசவ நேரத்தில் பிறப்புவாயைச் சற்று வெட்டி விரிப்பது அது. ‘ஓசிஸ்’ என்ற வாலிலும் அப்படியே, எண்டோமீட்ரி-ஓ-சிஸில் ‘ஓ’. இது ஒன்று பழகிவிட்டால் எவ்வளவு நீளச் சொல்லும் தடுமாறாது. அப்புறம், ப்ராஸ்டேட்டை ‘ப்ராஸ்ட்ரேட்’ என்று சொல்லாதீர்கள்; அது குப்புறக் கிடப்பதைக் குறிக்கும் வேறு சொல். வஜைனாவில் ‘ஜை’ அழுத்தம். வஜைனா என்பது உள்ளே இருக்கும் பாதை, யோனிக் குழாய். வெளியே தெரிகிற பகுதி வல்வா. தமிழில் கூச்சத்தால் இரண்டையும் ‘பிறப்புறுப்பு’ என்று மழுப்பிவிடுகிறோம். எங்கே அரிப்பு, எங்கே வலி என்று டாக்டரிடம் சொல்லும்போது உள்ளா வெளியா என்பதைத் தெளிவாகச் சொன்னால்தான் சிகிச்சை சரியாக அமையும்.

‘செர்விக்கல்’ என்ற சொல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செர்விக்ஸ் என்றால் லத்தீனில் கழுத்து. ஆகவே தலைக்குக் கீழே இருக்கும் கழுத்தெலும்புத் தேய்மானமும் செர்விக்கல், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும் செர்விக்கல். கழுத்து வலிக்கு எடுத்த எக்ஸ்ரேயில் ‘செர்விக்கல் ஸ்பாண்டிலோசிஸ்’ என்று பார்த்துவிட்டுக் கலங்கிப் போனவர்கள் உண்டு. பக்கத்துச் சொல்லைப் பாருங்கள். ஸ்பாண்டிலோ என்றால் முதுகெலும்பு. செர்விக்கல், செர்வைக்கல் இரண்டு உச்சரிப்பும் சரிதான்.

பிளாசெண்டாவை நஞ்சுக்கொடி என்கிறோம், அம்பிலிக்கல் கார்டைத் தொப்புள்கொடி என்கிறோம். இரண்டிலும் கொடி இருப்பதால் பலர் ஒன்று என்றே நினைக்கிறார்கள். பிளாசெண்டா தட்டையான உறுப்பு; லத்தீனில் தட்டைப் பணியாரம் என்று பொருள். நிறைமாதத்தில் ஏறக்குறைய அரைக் கிலோ இருக்கும். தொப்புள்கொடி அதையும் குழந்தையையும் இணைக்கும் குழாய். ‘பிளாசெண்டா ப்ரீவியா’ என்றால் நஞ்சுக்கொடி கீழே இறங்கி, குழந்தை வர வேண்டிய வாயை மறித்து நிற்கிறது. ப்ரீவியா என்றால் முன்னே நிற்பது. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றிக்கொள்வது முற்றிலும் வேறு விஷயம். பனிக்குடம் அழகான தமிழ்ச் சொல். அம்னியான் என்ற பையும் அதன் நீரும் சேர்ந்தது. நீர் குறைந்தால் ஆலிகோஹைட்ராம்னியாஸ்: ஆலிகோ, குறைவு, ஹைட்ர், நீர், அம்னியாஸ், பனிக்குடம். விந்தணுவில் பார்த்த அதே ஆலிகோ. ஆலிகோ போய் பாலி வந்தால் நீர் அதிகம். ஸ்கேனில் பனிக்குட நீரை அளந்து சொல்லும் ஏ.எஃப்.ஐ. என்ற எண் 5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் குறைவு என்றும், 24, 25-ஐத் தாண்டினால் அதிகம் என்றும் கொள்கிறார்கள்.

இனி, என் பார்வையில் மிகவும் கவனமாகக் கையாள வேண்டிய சொல்: அபார்ஷன். மருத்துவ மொழியில், கரு தானாகக் கலைந்தாலும் கலைத்தாலும் அபார்ஷன்தான். ஆசையாகக் காத்திருந்த கருவை இழந்த பெண்ணின் தாளில் ‘ஸ்பான்டேனியஸ் அபார்ஷன்’ என்று எழுதுகிறார்கள். அதைப் படித்துவிட்டு ‘நான் அபார்ஷன் செய்யவில்லையே’ என்று அவர் அழுவார். வீட்டார் சந்தேகமாகப் பார்ப்பார்கள். தமிழ் இதில் தெளிவாக இருக்கிறது. கலைதல் தன்வினை, கலைத்தல் பிறவினை. தானாக நேர்ந்தால் கருச்சிதைவு, செய்துகொண்டால் கருக்கலைப்பு. நோயாளியிடம் பேசும்போது இந்தப் பிரிவைக் காப்பாற்றுங்கள் என்று மாணவர்களிடம் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வேன். ‘திரெட்டண்ட் அபார்ஷன்’ என்றால் இரத்தக் கசிவு இருக்கிறது, கருப்பை வாய் மூடியிருக்கிறது. இந்த நிலையிலிருந்து கர்ப்பம் நல்லபடியாகத் தொடர்வது மிகச் சாதாரணம். ‘மிஸ்டு அபார்ஷன்’ என்றால் கருவின் வளர்ச்சி நின்றுவிட்டது, ஆனால் உடம்பு அதை இன்னும் வெளியேற்றவில்லை.

ரிப்போர்ட்டின் தலைப்பில் இருக்கும் ஜி, பி, எல், ஏ எழுத்துகளும் இதோடு சேர்ந்தவை. கிராவிடா என்றால் இதுவரை எத்தனை முறை கர்ப்பம், இப்போதையதையும் சேர்த்து. பாரா என்றால் எத்தனை பிரசவம். எல் என்றால் உயிரோடிருக்கும் குழந்தைகள். ஏ என்றால் சிதைந்ததும் கலைத்ததும். ஜி3 பி1 எல்2 ஏ1 என்று இருந்தால் என்ன? இப்போது மூன்றாவது கர்ப்பம். முன்பு ஒரு பிரசவம். அதில் இரட்டைப் பிள்ளைகள், இருவரும் நலம். ஒரு கரு தங்கவில்லை. இரட்டை பிறந்தாலும் பிரசவம் ஒன்றுதான் என்பதால் பி ஒன்றாக நிற்கிறது. ‘ப்ரைமி’ என்று நர்ஸ் சொன்னால் தலைச்சன் கர்ப்பம்.

எக்டோபிக் என்ற சொல்லை மட்டும் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இடம் மாறியது என்று பொருள். கரு கருப்பைக்கு வெளியே, பத்தில் ஒன்பதுக்கு மேல் கருக்குழாயிலேயே தங்கிவிடுவது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. மாதவிடாய் தள்ளிப்போன நிலையில் அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, இரத்தப் போக்கு, மயக்கம், தோள்பட்டை வலி என்று வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இதையும் முத்துப்பிள்ளையையும் குழப்பிக்கொள்கிறார்கள். முத்துப்பிள்ளை என்பது மோலார் பிரெக்னன்ஸி. கருப்பைக்குள் கரு வளராமல், நஞ்சுக்கொடித் திசு முத்து முத்தாக நீர்க் கொப்புளங்களாக வளர்வது.

‘மலட்டுத்தன்மை’ என்ற சொல்லை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. இன்ஃபெர்ட்டிலிட்டி என்றால், கருத்தடை இல்லாமல் 12 மாதம் சேர்ந்து வாழ்ந்தும் கரு உண்டாகாத நிலை. இனி ஆகவே ஆகாது என்ற பொருள் அதில் இல்லை. அது ஸ்டெரிலிட்டி. மலடு என்ற சொல் இரண்டாவதைத்தான் சொல்கிறது, அதுவும் பெண்ணை நோக்கியே. குழந்தையின்மை என்ற சொல் இருவருக்கும் பொது. மருத்துவர்களும் தங்கள் பழைய சொற்களை மாற்றிவருகிறார்கள். ‘இன்காம்பிடென்ட் செர்விக்ஸ்’, அதாவது திறமையற்ற கருப்பை வாய் என்று எழுதியவர்கள் இப்போது ‘செர்விக்கல் இன்சஃபிஷியன்ஸி’ என்று எழுதுகிறார்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் தேவையில்லாமல் பயமுறுத்தும் சில சொற்கள்: ‘ஆண்டிவெர்ட்டட்’ என்றால் கருப்பை முன்பக்கம் சாய்ந்திருக்கிறது, பெரும்பாலோருக்கு அப்படித்தான். ‘ரெட்ரோவெர்ட்டட்’ என்றால் பின்பக்கம் சாய்ந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பெண்ணுக்கு இப்படி இருக்கும், அதுவே ஒரு நோயல்ல. ‘பல்க்கி’ என்றால் சற்றுப் பெரிதாக இருக்கிறது. ஏன் என்பதைத்தான் கேட்க வேண்டும். ‘நபோத்தியன் சிஸ்ட்’ கருப்பை வாயில் வரும் சிறு சளிப் பை. பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

கடைசியாக, சுருக்கங்களை எப்படிப் படிப்பது என்று கேட்டிருந்தீர்கள். இதற்கு விதி கிடையாது, வழக்கம்தான். ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே கருவுறச் செய்வது), ஐ.யூ.ஐ. (விந்தணுக்களை நேரே கருப்பைக்குள் செலுத்துவது), எச்.எஸ்.ஜி., பி.சி.ஓ.எஸ். எல்லாம் எழுத்தெழுத்தாக. ஒரே விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் முறையை மட்டும் ‘இக்ஸி’ என்று சொல்லாகவே சொல்வார்கள். ஐ.வி.எஃப்.-இல் உள்ள ‘இன் வீட்ரோ’வுக்குக் கண்ணாடியில் என்று பொருள். 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தபோது பத்திரிகைகள் ‘டெஸ்ட் டியூப் பேபி’ என்று எழுத, சோதனைக் குழாய்க் குழந்தை என்ற பெயர் தமிழிலும் நிலைத்துவிட்டது. முட்டையும் விந்தணுவும் சேர்வது தட்டையான ஆய்வகக் கிண்ணத்தில். குழந்தை வளர்வது முழுக்கத் தாயின் கருப்பையில்தான்.